விடுமுறையில் மிதிவண்டி வழித்தடம் வகுத்தல்: தம்மம்பட்டிப் பகுதி

தம்மம்பட்டி, சேலம் மாவட்டம் கெங்கவல்லி வட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சி ஆகும். கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட சமவெளியில், சுவேத நதியை ஒட்டி அமைந்துள்ளது. மரச்சிற்பத்துக்காகப் பெயர் பெற்ற ஊர். தம்மம்பட்டி மரச்சிற்பம் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. நான்கைந்து நாள் விடுமுறையில் சாலை மிதிவண்டியில் சுற்றிவர விரும்புவோர் தங்கும் இடமாகக் கொள்வதற்கு இவ்வூர் பொருத்தமானது. சமதளம், மேடுபள்ளம், மலைப்பாதை ஆகிய மூன்றும் ஒரே நாள் தொலைவுக்குள் கிடைப்பது இதற்குக் காரணம். ஆனால் வழித்தடத்தை முன்கூட்டியே வகுக்காமல் கிளம்பினால் அதே மூன்றும் தொல்லையாக மாறும்.

மிதிவண்டி விடுமுறை என்றதும் பலருக்கு நினைவில் வருவது பிரான்சின் திராட்சைத் தோட்டப் பகுதிகள். பர்கண்டியில் போன் நகரிலிருந்து சாந்தனே வரை இருபது கி.மீ.க்குச் சற்று மேற்பட்ட தொலைவுக்கு, திராட்சைத் தோட்டங்களின் ஊடாகவே மிதிவண்டித் தடம் செல்கிறது. அங்கே வழிகாட்டிப் பலகைகளைப் பின்பற்றினால் போதும். தம்மம்பட்டியில் அப்படித் தனித் தடம் எதுவும் இல்லை. தடத்தை வருபவரே உருவாக்கிக்கொள்ள வேண்டும். திராட்சைக்குப் பதில் இங்கே பாக்குத் தோப்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும். பிரான்சில் மிதிவண்டி ஓட்டுபவருக்கும் இரத்தத்தில் மது அளவு லிட்டருக்கு 0.5 கிராம் என்ற வரம்பு உண்டு என்பதால், அங்கே மதுச் சுவைப்பு நிறுத்தங்களையும் கணக்கிட்டே திட்டமிடுவார்கள். கோடையில் சாலையோரம் கிடைக்கும் பதநீருக்கு அந்தக் கவலை இல்லை.

திசையும் நேரமும்

தம்மம்பட்டியிலிருந்து மூன்று பெருவழிகள் பிரிகின்றன. வடகிழக்கே ஆத்தூர், தெற்கே உப்பிலியபுரம் வழியாகத் துறையூர், மேற்கே முள்ளுக்குறிச்சி, மெட்டாலா, நாமகிரிப்பேட்டை வழியாக இராசிபுரம். ஆத்தூர் முப்பது கி.மீ.க்குள்ளும் மற்ற இரண்டும் ஏறத்தாழ நாற்பது கி.மீ. அளவிலும் உள்ளன. சமதளத்தில் மணிக்கு 18 முதல் 20 கி.மீ. செல்பவருக்குப் போகவர நான்கரை மணி நேரத்துக்குள் முடியும் தொலைவுகள் இவை.

எந்தத் திசையில் போவது என்பதைக் காற்றும் வெயிலும் தீர்மானிக்க வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் காற்று மேற்கு, தென்மேற்குத் திசைகளிலிருந்து பலமாக வீசும். அப்பருவத்தில் காலையில் உடல் தளராத போதே இராசிபுரம் பக்கம் எதிர்காற்றில் போய்விட்டு, காற்று முதுகில் தள்ளத் திரும்புவதே அறிவுடைமை. மாறாகச் செய்தவர் கடைசி இருபது கி.மீ.யில் வருந்துவார். மேலும் காலையில் மேற்கு நோக்கிச் சென்றால் எழும் வெயில் கண்ணில் படாது; பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு அந்த வெயில் முன்கண்ணாடியில் விழாது.

மார்ச் முதல் மே வரை பத்து மணிக்கு மேல் இச்சமவெளியில் மிதிவண்டி ஓட்டுவது உகந்ததல்ல. ஐந்தரை மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்குள் திரும்ப வேண்டும். தேநீர்க் கடைகள் ஐந்து மணிக்கே திறந்துவிடுவதால் இது இயலும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அதன் பின் வரும் சனவரியும் பிப்ரவரியும் சிறந்த காலம் என்றாலும் அவற்றுக்கும் ஒரு குறை உண்டு: அறுவடை. தார்ச் சாலையிலேயே மக்காச்சோளத்தைக் காயப்போடுவார்கள். கொள்ளுச் செடியை வண்டிகள் மிதிக்கட்டும் என்று பரப்பிவைப்பார்கள். மெல்லிய சக்கரம் அதன்மேல் ஏறினால் வழுக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் அவமானம் ஒன்றும் இல்லை. அதே பருவத்தில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் சேகோ ஆலைகளை நோக்கி ஆத்தூர்ச் சாலையில் வரிசையாகச் செல்லும். பெருவழியைத் தவிர்த்துக் கிராமச் சாலைகளில் போக இதுவே போதிய காரணம்.

வரைபடத்தை எவ்வளவு நம்பலாம்

2000-ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தாலும் மாநில அரசின் பணிகளாலும் சிற்றூர்களுக்கு இடையே பல தார்ச் சாலைகள் வந்துள்ளன. கைப்பேசி வரைபடத்தில் இவை மெல்லிய கோடுகளாகத் தெரியும். எல்லாக் கோடும் சாலை அல்ல; சில வண்டிப்பாதை, சில ஒற்றையடிப் பாதை.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு புளியஞ்சோலை. உப்பிலியபுரம் பகுதியில் கொல்லிமலையின் அடிவாரத்தில் உள்ள இவ்விடத்திற்குத் தம்மம்பட்டியிலிருந்து மிதிவண்டியில் சென்று, ஆற்றில் குளித்துத் திரும்பலாம். ஒரு நாளுக்கு ஏற்ற அருமையான வழி. மலைமேல் உள்ள ஆகாய கங்கை அருவியின் நீர்தான் அய்யாறாக இங்கே இறங்குகிறது. வரைபடத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ஆனால் இடையில் இருப்பது காட்டு வழியாகச் செல்லும் செங்குத்தான நடைபாதை மட்டுமே. மிதிவண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு அதில் ஏறலாம் என்று எண்ணுவோர் இருட்டும் வேளையில் குடிநீர் இன்றிக் காட்டுக்குள் நிற்க நேரும்.

ஐயம் இருந்தால் உயரக் கோடுகளைப் பார்க்க வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடையே 20 மீ. உயர வேறுபாடு. வழித்தடம் கடக்கும் கோடுகளை எண்ணி இருபதால் பெருக்கினால் ஏற வேண்டிய உயரம் கிடைக்கும். பயண நேரத்தைக் கணிக்கக் கிலோமீட்டரை விட இந்த எண்தான் முக்கியம். கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் இடத்தில் பாதை நேராகச் சென்றால், அது சாலை அல்ல என்று துணிந்து சொல்லலாம். அதற்கும் மேலான வழி முதல்நாள் மாலை பேருந்து நிலையத்தில் ஓர் ஓட்டுநரையோ நடத்துநரையோ கேட்பது. “அண்ணா, இந்த ரோட்ல பஸ் போகுதுங்களா?” என்ற ஒரு கேள்வி போதும். பேருந்து போகும் வழியில் மிதிவண்டி போகும்.

மலை ஏற்றம்

கொல்லிமலைக்குச் செல்லும் முதன்மைச் சாலை நாமக்கல் மாவட்டத்துக் காரவள்ளியில் தொடங்கிச் சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. தம்மம்பட்டியிலிருந்து மலையைச் சுற்றிக்கொண்டுதான் காரவள்ளிக்குப் போக முடியும் என்பதால், ஒரே நாளில் போய் ஏறி இறங்கித் திரும்புவது பெரும்பாலோருக்கு ஆகாது. மலைமேல் செம்மேட்டில் ஓர் இரவு தங்கும்படி வகுப்பது நல்லது. முள்ளுக்குறிச்சிப் பக்கமிருந்தும் மலைக்கு ஒரு சாலை உண்டு. தம்மம்பட்டிக்கு அதுவே அண்மையில் உள்ளது. எனினும் நடமாட்டம் குறைவு என்பதால் தனியாகச் செல்வோர் முதல் முறைக்கு அதைத் தேர்ந்தெடுக்காமல் இருக்கலாம்.

அடிவாரத்திலிருந்து ஏற வேண்டிய உயரம் ஆயிரம் மீட்டருக்கு நெருக்கமானது. ஆள், மிதிவண்டி, மூட்டை எல்லாம் சேர்ந்து 80 கிலோ என்று கொண்டால், ஆயிரம் மீட்டர் உயர்த்தச் சுமார் 780 கிலோ ஜூல் ஆற்றல் தேவை. பழக்கமுள்ள சாதாரண ஓட்டுநர் தொடர்ந்து 120 வாட் தர முடிந்தால் அதற்கு மட்டும் ஒரு மணி 50 நிமிடம் ஆகும். உராய்வையும் ஓய்வையும் சேர்த்தால் இரண்டரை மணி நேரம். நூறு மீட்டருக்குப் பதினொரு நிமிடம் என்று மனத்தில் வைத்துக்கொண்டு ஓய்வைத் தனியே கூட்டினால் எந்த மலைக்கும் கணக்குப் போடலாம். பிரான்சின் புகழ்பெற்ற வான்டூ மலை பெதுவான் ஊரிலிருந்து 1,600 மீ. அளவுக்கு ஏறுவது, கொல்லிமலை அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் வெப்பமும் ஈரப்பதமும் இங்கே கூடுதல்.

பலரும் ஏற்றத்துக்கு அஞ்சுவர். உண்மையான ஆபத்து இறக்கத்தில்தான். ஏறும்போது சேர்த்த 780 கிலோ ஜூலும் இறங்கும்போது எங்காவது போயாக வேண்டும். ஒரு பகுதியைக் காற்றுத் தடை எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதும் தடுப்பானில் வெப்பமாகும். இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான ஆற்றல் அது. சக்கர விளிம்பைப் பற்றும் தடுப்பானைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் விளிம்பு சூடேறி, உள்ளிருக்கும் டியூப் வெடிக்கக்கூடும். எனவே நேர்ப்பகுதியில் விட்டு, வளைவுக்கு முன்பே அழுத்தமாகப் பிடித்து, வளைவுக்குள் விட்டு இறங்க வேண்டும். பத்து வளைவுக்கு ஒருமுறை நின்று விளிம்பை ஆறவிட வேண்டும். வளைவுகளுக்கு எண் எழுதப்பட்டிருப்பதால் எண்ணுவது எளிது. பேருந்துகள் வளைவில் சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும் என்பதால் ஒலிப்பான் சத்தம் கேட்டதும் இடப்புறம் ஒதுங்கி நிற்பதே முறை.

ஆடிப்பெருக்கை ஒட்டி அறப்பளீசுவரர் கோயிலுக்கும் வல்வில் ஓரி விழாவுக்கும் மக்கள் திரளும் நாள்களில் இச்சாலையைத் தவிர்க்கவும்.

கொல்லிமலை மிகையென நினைப்போருக்குப் பச்சைமலை உண்டு. துறையூர் வட்டத்துச் சோபனபுரத்திலிருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்குச் சாலை ஏறுகிறது. உயரம் குறைவு, வண்டிகளும் குறைவு. மேலே கடைகள் மிகச் சில. குடிநீரையும் உணவையும் கீழேயே வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஓய்வு நாள்

மூன்று நாள் ஓட்டத்துக்கு ஒரு நாள் ஓய்வு வைக்காத திட்டம் நல்ல திட்டம் அல்ல. அன்று தம்மம்பட்டியின் சிற்பக்கூடங்களுக்கு நடந்தே செல்லலாம். வாகை மரத்தில் தெய்வ உருவங்களும் கதவுப் பலகைகளும் கோயில் வாகனங்களும் செதுக்கப்படுவதைக் காணலாம். மிதிவண்டியில் வந்தவர் பெரிய சிற்பம் எதையும் வாங்கிச் செல்ல முடியாது என்பது ஒரு வருத்தம்.

ஊர் வந்து சேர்தல்

தம்மம்பட்டிக்கு இரயில் இல்லை. அருகில் உள்ள நிலையம் சேலம்–விருத்தாசலம் பாதையில் உள்ள ஆத்தூர். மலையிலோ வழியிலோ முடியாமல் போனால், ஊருக்கு ஊர் கிடைக்கும் சிறு சரக்கு வண்டிகள் மிதிவண்டியை ஏற்றிவரும். வாடகையை ஏறும் முன் பேசிக்கொள்ள வேண்டும்.

இங்குள்ள சைக்கிள் கடைகளில் 26, 28 அங்குல டயர்களும் டியூப்களும் கிடைக்கும். சாலை மிதிவண்டிக்கான 700 அளவு டியூப்பை எதிர்பார்க்க முடியாது. பிரெஸ்டா வகை வால்வு உள்ளவர்கள், பஞ்சர் கடைக் காற்றுக் குழாயுடன் பொருத்தும் சிறு பித்தளை இணைப்பையும் இரண்டு மாற்று டியூப்களையும் கைப்பம்பையும் உடன் கொண்டுவர வேண்டும்.