தாய் சாப்பிட்ட மருந்தும் சேயின் இதயக் குழாயும்

ஒரு கிலோ எடைகூட இல்லாத குறைமாதக் குழந்தையின் உள்ளங்கையில் விரல் வைக்கும்போது நாடி துள்ளித் துடித்தால், மருத்துவருக்குச் சந்தேகம் வந்துவிடும். அடுத்தது எக்கோ. பெருந்தமனியிலிருந்து நுரையீரல் தமனிக்கு ரத்தம் பீய்ச்சியடிப்பது திரையில் வண்ணமாகத் தெரியும். பிறந்ததும் மூடியிருக்க வேண்டிய குழாய் மூடவில்லை. இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அகலம்தான். ஆனாலும் அதன் வழியே நுரையீரலுக்கு ரத்தம் வெள்ளமாகப் பாய, குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகவேண்டிய பங்கு குறைகிறது.

'டக்டஸ் ஆர்டீரியோசஸ்' எனப்படும் இந்தக் குழாய் கருவில் இருக்கும்வரை உயிர்நாடி. மூச்சுவிடாத நுரையீரலுக்கு அதிக ரத்தம் தேவையில்லை என்பதால், இதயத்தின் வலப்பக்கம் தள்ளும் ரத்தத்தின் பெரும்பகுதி இந்தக் குறுக்குவழியில் பெருந்தமனிக்குப் போய்விடும். அதைத் திறந்து வைத்திருப்பது முக்கியமாக நஞ்சுக்கொடியிலிருந்து வரும் புராஸ்டாகிளாண்டின். நிறைமாதக் குழந்தை பிறந்து அழுததும் ரத்தத்தில் ஆக்சிஜன் கூடும், புராஸ்டாகிளாண்டின் குறையும். இரண்டு மூன்று நாளில் குழாய் சுருங்கி மூடிக்கொள்ளும். மிகவும் முன்கூட்டியே பிறந்த பல குழந்தைகளுக்கு அப்படி நடப்பதில்லை.

மூட்டுவலிக்குக் கொடுக்கும் இண்டோமெதசின், புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கும். அதைக் கொண்டு அறுவை சிகிச்சையின்றியே குழாயை மூடலாம் என்று 1976-ல் அமெரிக்காவில் இரண்டு மருத்துவக் குழுக்கள் காட்டின. பின்னர் இபுபுரூஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்துகொண்டன.

சிக்கல் தொடங்குவது பிரசவத்துக்கு முன்பே. கருப்பையைச் சுருங்கவைப்பதும் புராஸ்டாகிளாண்டின்தான். ஆகவே குறைமாத வலியைத் தள்ளிப்போட அதே இண்டோமெதசின் தாய்க்கும் தரப்படுகிறது. மருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து கருவுக்குப் போய், குழாயை வயிற்றுக்குள்ளேயே சுருக்கிவிடுகிறது. அப்படியானால் பிறந்தபின் எளிதாக மூடவேண்டும் அல்லவா? நடப்பது தலைகீழ். 30 வாரம் அல்லது அதற்கு முன் பிறந்த குழந்தைகளைப் பற்றிய 1993-ம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், தாய்க்கு இண்டோமெதசின் தரப்பட்டிருந்தால் குழந்தைக்கு அந்த மருந்து பலிக்காமல், அல்லது மூடிய குழாய் மறுபடி திறந்து, அறுவை சிகிச்சை வரை போவது அதிகமாக இருந்தது.

காரணத்தை ஆட்டுக் கருக்களில் தேடினார்கள். குழாய் சுருங்கும்போது அதன் சுவருக்கே ரத்தமும் ஆக்சிஜனும் போதவில்லை. தசைச் செல்கள் சில மடிகின்றன. பிறந்தபின் இறுக்கிச் சுருங்கும் வலு அந்தத் தசைக்கு இல்லை. போதாததற்கு, குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடும் கூடுகிறது. புராஸ்டாகிளாண்டினை மட்டும் தடுக்கும் மருந்தால் அப்போது என்ன செய்ய முடியும்?

இதற்காகத் தாயையோ மகப்பேறு மருத்துவரையோ குறைசொல்வது அநியாயம். வலியை 48 மணி நேரம் தள்ளிப்போட்டால், கருவின் நுரையீரலை முதிரவைக்கும் ஸ்டீராய்டு ஊசி வேலை செய்ய அவகாசம் கிடைக்கிறது. நியூசிலாந்தின் லிக்கின்ஸும் ஹோவியும் 1972-ல் நிறுவிய அந்தச் சிகிச்சை இன்றும் குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறது. குழாய் திறந்தே நிற்கும் வாய்ப்பையும் குறைக்கிறது. மூளையைக் காக்கத் தரும் மெக்னீசியம் சல்பேட் குழாயைத் தளர்த்தக்கூடும் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. மற்ற ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை.

திறந்த குழாயை எல்லாம் உடனே மூடியாக வேண்டும் என்ற எண்ணமும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. பிரிட்டனில் நடந்த 'பேபி ஆஸ்கர்' ஆய்வின் முடிவு 2024-ல் வெளியானது. முன்கூட்டியே இபுபுரூஃபென் கொடுத்ததால் மரணமோ நாள்பட்ட நுரையீரல் நோயோ குறையவில்லை. யாருக்கு மருந்து, யாருக்குக் காத்திருப்பு என்று குழந்தைக்குக் குழந்தை முடிவெடுக்க வேண்டிய இந்த நிலையில், தாய் என்ன மருந்து எடுத்தார் என்ற தகவலுக்கு மதிப்புக் கூடுகிறது. குழந்தையை வேறு மருத்துவமனைக்கு அனுப்பும்போது மருந்தின் பெயர், அளவு, கடைசியாகக் கொடுத்த நேரம் மூன்றும் கூடவே போகவேண்டும்.

கடையில் தானாக வாங்கிய மாத்திரையும் அந்தக் கணக்கில் சேரும். இடுப்புவலிக்கு, இண்டோமெதசின் வகையைச் சேர்ந்த டைக்லோஃபெனாக் போட்டதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து சொல்லிவிடுங்கள். கருவின் சிறுநீரகம் பாதித்துப் பனிக்குட நீர் வற்றலாம் என்பதால், 20 வாரத்துக்குப் பிறகு இவ்வகை வலிமாத்திரைகளைத் தவிர்க்கும்படி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-ல் எச்சரித்தது. ரத்த அழுத்த ஆபத்துக்காக டாக்டர் எழுதித் தந்த குறைந்த அளவு ஆஸ்பிரின் இதில் விதிவிலக்கு. பயந்துபோய் அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.