சுகர் பார்க்கும்போது மனசையும் பாருங்கள்

வீடு தேடி வந்து சர்க்கரை நோய்க்கு மருந்து தரும் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான். 2021 ஆகஸ்ட் 5 அன்று சாமனப்பள்ளி கிராமத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அதன்பின் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வாசலுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையைச் சுற்றியுள்ள ஊர்களில் காய்கறித் தோட்டத்துக்கும் ரோஜாக் குடிலுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு, ஓசூர் சிப்காட் ஆலைகளில் ஷிப்ட் பார்க்கிறவர்களும் உண்டு. மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை என்பது இவர்களுக்குப் பெரிய விஷயம்.

ஆனால், மாத்திரை அட்டை பிரிக்கப்படாமலே கிடக்க, சுகர் 300-ஐத் தாண்டி நிற்கும் வீடுகளும் இருக்கின்றன. "வாயைக் கட்டத் தெரியலை" என்று வீட்டார் சலித்துக்கொள்கிறார்கள். "டயட் இருக்கீங்களா இல்லையா?" என்று மருத்துவர் அதட்டுகிறார். நோயாளி பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு மனச்சோர்வு வந்திருக்கலாம் என்ற எண்ணம் அந்த அறையில் யாருக்கும் வருவதில்லை. அவருக்கே வருவதில்லை.

சர்க்கரை நோயும் மனச்சோர்வும் சேர்ந்து வருவது அபூர்வம் அல்ல. 2001-ல் 42 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சர்க்கரை நோய் இல்லாதவர்களைவிட இருப்பவர்களுக்கு மனச்சோர்வு இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று தெரிந்தது. சென்னையில் 25,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட 'கியூர்ஸ்' ஆய்வு, பொதுமக்களிலேயே சுமார் 15 சதவீதம் பேரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் இருப்பதாக 2009-ல் சொன்னது. இரண்டையும் சேர்த்து யோசித்தால், எந்த ஊர் சர்க்கரை நோய்ப் பிரிவின் வரிசையிலும் மனச்சோர்வோடு நிற்பவர்கள் சிலர் இருக்கத்தான் செய்வார்கள்.

இந்த இரண்டு நோய்களும் ஒன்றை ஒன்று வளர்க்கின்றன. மனம் நீண்ட நாள் அழுத்தத்தில் இருக்கும்போது உடலில் கார்ட்டிசால், அட்ரினலின் ஆகிய சுரப்புகள் கூடுகின்றன. இவை கல்லீரலில் இருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் கலக்கச் செய்கின்றன. இன்சுலின் வேலை செய்வதையும் தடுக்கின்றன. சாப்பாட்டில் ஒரு மாற்றமும் இல்லாமல் சுகர் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு பக்கம், மனச்சோர்வு வந்தவருக்கு எழுந்து நடக்கத் தோன்றாது, சமைக்கத் தோன்றாது, மாத்திரை நேரம் நினைவில் நிற்காது. சுகர் ஏறுகிறது. கால் எரிச்சல், கண் மங்கல், ராத்திரி நாலைந்து முறை சிறுநீருக்கு எழுவது என்று தொல்லைகள் கூடுகின்றன. "இனி என்ன செஞ்சும் பிரயோஜனமில்ல" என்ற நினைப்பு இன்னும் இறுகுகிறது. இதில் சோம்பேறித்தனம் எங்கும் இல்லை. குடும்பத்தார் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

அசதி என்றவுடன் எல்லாமே மனச்சோர்வு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. சுகர் அதிகமாக இருந்தாலே உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கும். மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறையும். அதனால் அசதி, கால் மரத்துப் போவது, மறதி, மனத்தளர்ச்சி எல்லாம் வரும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் ஏறக்குறைய இதே தோற்றம்தான். எனவே முதல் வேலை ரத்தப் பரிசோதனை. பி12, தைராய்டு, ஹீமோகுளோபின், மூன்று மாதச் சராசரி சுகர் ஆகிய நான்கையும் மருத்துவரிடம் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பி12 குறைவு என்றால் மாத்திரையிலோ ஊசியிலோ சரியாகிவிடும்.

அடுத்து, சலிப்புக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள வித்தியாசம். வாழ்நாள் முழுக்க மாத்திரை, ஊசி, சோற்றின் அளவு, அடுத்த டெஸ்ட், கல்யாண வீட்டில் இலையில் விழும் இனிப்பை மறுப்பது என்று ஓடும்போது யாருக்கும் அலுத்துப்போகும். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் பொலான்ஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் 1995-லேயே இந்தச் சலிப்பை அளக்க ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார்கள். சுகர் பேச்சை எடுத்தால் மட்டும் எரிச்சல் வருகிறது, மற்றபடி பேரப்பிள்ளையோடு விளையாட முடிகிறது, திருவிழாவுக்குப் போக மனம் வருகிறது என்றால் அது பெரும்பாலும் இந்தச் சலிப்பு. அதற்கு மருந்து வேளையை எளிதாக்குவதும், குறை சொல்லாமல் காது கொடுத்துக் கேட்பதும் பெரிதும் உதவும். எதிலுமே பிடிப்பு இல்லை, பேரப்பிள்ளை வந்து மடியில் ஏறினாலும் ஒன்றும் தோன்றவில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேண்டும்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. உலகம் முழுக்க மருத்துவர்கள் முதலில் கேட்கும் இரண்டு கேள்விகள் இவை: கடந்த இரண்டு வாரத்தில், வழக்கமாகச் செய்யும் காரியங்களில் ஆர்வமோ மகிழ்ச்சியோ குறைந்து இருந்ததா? மனம் தளர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் 'இல்லவே இல்லை' என்றால் 0, 'சில நாட்கள்' என்றால் 1, 'பாதி நாட்களுக்கு மேல்' என்றால் 2, 'கிட்டத்தட்ட தினமும்' என்றால் 3. கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் பேச வேண்டும். தூக்கம், பசி, கவனம், குற்ற உணர்வு, சாக வேண்டும் என்ற எண்ணம் எல்லாவற்றையும் கேட்கும் 9 கேள்விப் பட்டியலை அவர் அடுத்ததாகப் பயன்படுத்துவார். இந்த மதிப்பெண் ஓர் எச்சரிக்கை மட்டுமே. நோய் இருக்கிறதா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஓசூர் பக்கத்தில் இதைச் சிக்கலாக்கும் விஷயம் ஷிப்ட். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாறும்போது தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் சுகரும் ஏறும், மனமும் தளரும். மாத்திரைச் சீட்டில் 'காலை, இரவு' என்று எழுதியிருக்கும். இரவு வேலை முடித்துக் காலையில் படுக்கிறவருக்கு எது காலை, எது இரவு? சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் சுகர் தாழ்ந்துபோகும். 70-க்குக் கீழே போனால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத பயம் வரும். நைட் ஷிப்டில் மிஷின் முன்னால் இப்படி வரும்போது 'டென்ஷன்' என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்போது முதலில் விரலில் குத்திச் சுகரைப் பாருங்கள். பார்க்க வழி இல்லையென்றால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு 15 நிமிடம் உட்காருங்கள். உங்கள் ஷிப்ட் நேரத்தை மருத்துவரிடம் சொல்லி, அதற்கேற்ப மருந்து நேரத்தை எழுதி வாங்குங்கள். எழுதித் தருவது அவர் கடமை; கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஆண்கள் வாய் திறக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். நீண்ட நாள் கட்டுப்படாத சர்க்கரை, நரம்பையும் ரத்தக் குழாயையும் பாதித்து ஆண்மைக் குறைவைக் கொண்டுவரும். மனைவியிடம்கூடச் சொல்லாமல் அதை மனதுக்குள் புதைத்துக் குடியில் இறங்குகிறவர்கள் பலர். மது மனச்சோர்வைக் கூட்டும். சுகர் மாத்திரையோடு சேரும்போது சுகரை ஆபத்தான அளவுக்கு இறக்கவும் செய்யும். ஆண்மைக் குறைவுக்குச் சிகிச்சை இருக்கிறது. விளம்பர லேகியக்காரர்களிடம் போகாமல் சர்க்கரை மருத்துவரிடமே கேளுங்கள். பெண்களின் கதை வேறு. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சமிருப்பதைச் சாப்பிடும் அம்மாவுக்கு, தனக்கென்று அளந்து சமைத்துக்கொள்வதே குற்றமாகத் தோன்றுகிறது. அவர் அழுவதைக்கூட அடுப்படியில் அழுகிறார்.

சர்க்கரை நோயையும் மனச்சோர்வையும் சேர்த்துக் கவனித்தால் பலன் உண்டா? உண்டு, அதுவும் நம் நாட்டிலேயே நிரூபிக்கப்பட்டது. சென்னை, பெங்களூரு, டெல்லி, விசாகப்பட்டினம் ஆகிய 4 ஊர்களின் சர்க்கரை நோய் மருத்துவமனைகளில், மனச்சோர்வும் சர்க்கரை நோயும் சேர்ந்திருந்த 404 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற ஒரு பராமரிப்பாளர் நியமிக்கப்பட்டார். அவர் மருத்துவர் அல்ல. நோயாளியிடம் தொடர்ந்து பேசி, மாத்திரை, நடை, மனநிலை மூன்றையும் விசாரித்துக் குறித்துக்கொள்வார். மனநல மருத்துவரும் சர்க்கரை மருத்துவரும் அந்தக் குறிப்புகளைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து யோசனை சொல்வார்கள். 12 மாதம் இந்தக் கவனிப்பு. 24-ஆம் மாத முடிவில், மனச்சோர்வு பாதியாவது குறைந்து, கூடவே சுகர், ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது நன்றாக இறங்கியவர்கள் இந்தப் பிரிவில் 71.6 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 57.4 சதவீதம். 2020-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இது வெளியானது. இதில் விலை உயர்ந்த கருவியோ புது மருந்தோ எதுவும் இல்லை. திரும்பத் திரும்ப விசாரிக்க ஓர் ஆளும், சேர்ந்து யோசிக்க மருத்துவர்களும் இருந்தார்கள், அவ்வளவுதான். அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

சிகிச்சை என்றால் மாத்திரை மட்டும் அல்ல. லேசான சோர்வுக்கு ஆலோசனைப் பேச்சே போதுமானதாக இருக்கலாம். அதில் கற்றுத்தரும் முக்கியமான முறை ஒன்றை வீட்டிலேயே தொடங்கலாம்: மனசு வரட்டும் என்று காத்திராமல், கடிகாரத்தைப் பார்த்து ஒரு சிறு காரியம் செய்வது. சாப்பிட்டபின் 10 நிமிடம் நடப்பது நல்ல தொடக்கம். சாப்பாட்டுக்குப்பின் ஏறும் சுகரையும் அது இறக்கும். பெங்களூருக் கழிவால் தென்பெண்ணை ஆற்றில் நுரை பொங்கி நாறும் நாட்களில் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் போகாமல் தெருவிலேயே நடங்கள். கூட ஒருவர் வந்தால் இன்னும் நல்லது.

மாத்திரை தேவைப்பட்டால் பயப்பட வேண்டாம். செர்ட்ரலின், ஃப்ளூவாக்ஸெட்டின் போன்றவை பொதுவாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு ஒத்துப்போகும். போதைபோல் அடிமையாக்குபவை அல்ல. பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் 'ஒண்ணும் ஆகலையே' என்று நிறுத்திவிடாதீர்கள். மனம் தெளிந்தபின்னும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. கால் எரிச்சலும் மனச்சோர்வும் சேர்ந்திருப்பவருக்கு டூலாக்ஸெட்டின் இரண்டுக்கும் உதவும். அமிட்ரிப்டிலின், ஒலான்சபின் போன்ற சில மருந்துகள் உடல் எடையைக் கூட்டும். ஒலான்சபின் சுகரையும் ஏற்றும். அதனால் மனநல மருத்துவரிடம் சுகர் சீட்டையும், சுகர் மருத்துவரிடம் மனநலச் சீட்டையும் காட்ட வேண்டும்.

எங்கே போவது? பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருப்பதே ஓசூர் சாலையில்தான். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டருக்குள். அவ்வளவு தூரம் போகாமலும் முடியும். மாவட்ட மனநலத் திட்டம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் உண்டு. அரசு மருத்துவமனையில் கேட்டால் மனநல மருத்துவர் வரும் நாளைச் சொல்வார்கள். இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளர்கள் தங்கள் மருந்தகத்தில் கேட்கலாம். மனநல உதவிக்கு 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் எந்த நேரமும் பேசலாம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தில் நிறைய. விருப்ப மொழியைக் கேட்டுத்தான் அந்த எண்ணில் இணைக்கிறார்கள்.

சாக வேண்டும் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் அன்றே, அப்போதே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். 14416-க்கோ 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கோ பேசுங்கள். அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால் இன்சுலின், மாத்திரை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் வேறொருவர் பொறுப்பில் வைத்து, வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் கொடுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், ரெண்டு வாரமா எதுலயும் மனசு போகல, தூக்கமும் வரல. சுகருக்கும் இதுக்கும் சேர்த்துப் பாருங்க." சுகாதாரத் துறையிடம் கேட்க ஒன்று இருக்கிறது. சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டத்தின் தன்னார்வலர்கள் மாதாமாதம் வாசலில் வந்து நிற்கிறார்கள்; குடும்பங்கள் அவர்களை நம்புகின்றன. விரலில் குத்திச் சுகர் பார்க்கும் நேரத்திலேயே அந்த இரண்டு கேள்விகளையும் கேட்க அவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். 'ஆமாம்' என்று சொல்கிறவரை அனுப்பிவைக்க ஒரு மனநல மருத்துவரை உறுதிசெய்யுங்கள்.