கணினி வந்தது, கடை மாறியதா?

எமது ஊர்களில் உள்ள வியாபாரத் தலங்கள் பலவற்றில் ஒரு காட்சியைக் காணலாம். காசு லாச்சிக்குப் பக்கத்தில் புதிய கணினி இருக்கும். பில் அடிக்கும் சிறிய இயந்திரமும் இருக்கும். ஆனால் கணக்கப்பிள்ளை பழைய கொப்பியில்தான் எழுதிக் கொண்டிருப்பார். ஏன் என்று கேட்டால், "அது சரிவராது ஹாஜியார். எங்கட யாவாரத்துக்கு இதுதான் வசதி" என்பார்.

இலட்சக்கணக்கில் செலவழித்து வாங்கிய பொருள் மூன்று மாதத்தில் தூசு பிடிப்பதற்குப் பெரும்பாலும் இயந்திரம் காரணமல்ல. முதலாளி பொருளை வாங்கினார். கடையில் வேலை செய்யும் முறையை மாற்றுவதற்கு எந்தத் திட்டமும் போடவில்லை. பெரிய கொம்பனிகள் இதற்கென்றே தனியாக ஆட்களை வைத்திருக்கின்றன. நான்கு பேர் வேலை செய்யும் கடைக்கு அது தேவையில்லை. ஆனால் அதன் அடிப்படைகள் நான்கு பேருக்கும் நானூறு பேருக்கும் ஒன்றுதான்.

மாற்றம் கேட்டு வருவதில்லை

இப்போது இதைப் பேச வேண்டிய அவசியம் என்ன? வெளியிலிருந்து வரும் மாற்றங்கள் எம்மிடம் அனுமதி கேட்பதில்லை. பெறுமதி சேர் வரியான 'வற்' எமது நாட்டில் 2002 ஓகஸ்ட் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அநேகமான நடுத்தர வியாபாரிகள் அதைப் பெரிய கொம்பனிகளின் விடயமாகவே நீண்ட காலம் நினைத்திருந்தனர். 2024 ஜனவரி 1ஆம் திகதி வரி வீதம் நூற்றுக்கு 15 இலிருந்து 18 ஆக உயர்ந்தது. அதே நாளில் பதிவு செய்ய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லையும் 80 மில்லியன் ரூபாவிலிருந்து 60 மில்லியனாகக் குறைக்கப்பட்டது. கொப்பியில் கணக்கு வைத்திருந்த பலர் ஒரே நாளில் வரிப் பட்டியலுக்குள் வந்தனர்.

இதில் எவ்வளவு பணம் தங்கியிருக்கிறது என்பதை ஒரு கணக்கால் பார்ப்போம். வரிக்குப் பதிவான ஒரு வியாபாரி 900 ரூபாவுக்கு வாங்கிய பொருளை 1000 ரூபாவுக்கு விற்கிறார். அந்த 1000 ரூபாவுக்குள் 18 வீத வரி அடங்கியிருக்கிறது. அதாவது 152 ரூபா 54 சதம். கொள்வனவு செய்த இடத்தில் முறையான வரி விலைச்சிட்டை வாங்கி வைத்திருந்தால், 900 ரூபாவுக்குள் அடங்கிய 137 ரூபா 29 சதத்தைக் கழித்துக் கொள்ளலாம். கட்ட வேண்டியது 15 ரூபா 25 சதம் மட்டுமே. இலாபம் 84 ரூபா 75 சதம். அந்தச் சிட்டை இல்லையென்றால் முழு வரியையும் கட்ட வேண்டும். கையில் மிஞ்சுவது 847 ரூபா 46 சதம். பொருளின் விலையோ 900. நூறு ரூபா இலாபம் என்று நினைத்த வியாபாரத்தில் 52 ரூபாவுக்கு மேல் நட்டம்.

இங்கே இலாபத்துக்கும் நட்டத்துக்கும் நடுவில் நிற்பது ஒரு துண்டுக் கடதாசி. அந்தக் கடதாசியைப் பத்திரப்படுத்துவது முதலாளியல்ல. லொறியிலிருந்து சாமான் இறக்கும் பொடியன். அவனது பழக்கம் மாறாவிட்டால், எந்தக் கணினி இருந்தும் பயனில்லை.

முதலில் மஷூரா

கடையில் மாற்றம் வருகிறது என்றதும் பணியாளர் மனதில் முதலில் எழுவது பயம். இருபது வருடம் கணக்கு எழுதியவர், "கணினி வந்தால் எனக்கு என்ன வேலை?" என்று யோசிப்பார். வாய்விட்டுக் கேட்க மாட்டார். ஆனால் அந்தப் பயம் தீரும் வரை அவர் மனப்பூர்வமாக ஒத்துழைக்கவும் மாட்டார். ஆகவே இயந்திரம் வாங்குவதற்கு முன்பே அவரை அழைத்து உட்கார வைத்துப் பேச வேண்டும். ஏன் இந்த மாற்றம், அவரது வேலை என்னவாகும், அவருக்கு யார் பழக்குவார் என்பவற்றை ஒளிவு மறைவின்றிச் சொல்ல வேண்டும். எந்த வாடிக்கையாளர் எப்போது காசு தருவார், எந்தச் சாமான் எந்த மாதத்தில் ஓடும் என்பதெல்லாம் அவர் மனதில்தான் இருக்கிறது. அது இல்லாமல் கணினிக்குள் எதைப் போடுவது?

எமது வரலாற்றில் இதற்கு அழகான முன்மாதிரி உண்டு. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ் யுத்தத்தின்போது நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். அகழி வெட்டும் யோசனையைச் சொன்னவர் பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரழி) அவர்கள். அறபிகளுக்கு அது முற்றிலும் புதிய முறை. யோசனை ஏற்றுக்கொள்ளப்பட்டது. பத்துப் பேருக்கு நாற்பது முழம் என்று வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டது. நபியவர்களும் மண் சுமந்தார்கள். ஆலோசனை, தெளிவான வேலைப் பங்கீடு, தலைவரின் பங்களிப்பு என்று இன்றைய முகாமைத்துவ வகுப்புகளில் சொல்லித் தரும் மூன்றும் அங்கே இருந்தன.

முதலாளியின் கை

மாற்றத்தைக் கெடுப்பவர் பல இடங்களில் முதலாளியேதான். எல்லாச் சாமானுக்கும் பில் போட வேண்டும் என்று கட்டளையிடுவார். மாலையில் வீட்டுக்குப் போகும்போது இரண்டு கிலோ சீனியையும் ஒரு பால்மாப் பெட்டியையும் பில் இல்லாமல் எடுத்துச் செல்வார். தம்பி வந்து லாச்சியில் ஐயாயிரம் எடுப்பார், எழுத மாட்டார். மாத முடிவில் கணினி காட்டும் கையிருப்புக்கும் தட்டில் இருக்கும் கையிருப்புக்கும் பொருந்தாது. அப்போது பழி விழுவது சொஃப்ட்வெயார் மீது அல்லது பொடியன் மீது.

ஹுதைபிய்யா உடன்படிக்கை முடிந்தபின், பலியிட்டுத் தலைமுடி களையுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, கவலையில் இருந்த தோழர்கள் உடனே எழவில்லை. உம்மு ஸலமா (ரழி) அவர்கள், யாருடனும் பேசாமல் வெளியே சென்று தாங்களே முதலில் செய்யுங்கள் என்று யோசனை கூறினார்கள். அவ்வாறே நபியவர்கள் செய்ததும் அனைவரும் எழுந்து செய்தார்கள். நூறு அறிவுறுத்தலை விட ஒரு செயல் பெரியது. முதலாளி தன் வீட்டுச் சீனிக்கு முதல் பில்லைப் போடட்டும். பிறகு கடையில் எவரும் பில் போடாமல் விட மாட்டார்.

நாள் பார்த்து, படிப்படியாக

சுவீடன் நாட்டில் வாகனங்கள் இடப்பக்கமாகவே ஓடின. 1955இல் மக்களிடம் கேட்டபோது நூற்றுக்கு 80 பேருக்கு மேல் வலப்பக்கம் மாற விரும்பவில்லை. அயல்நாடுகள் வலப்பக்கம் ஓடியதால் 1963இல் பாராளுமன்றம் மாறுவதென்று முடிவெடுத்தது. ஆனால் மாறியது 1967 செப்டெம்பர் 3ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 5 மணிக்கு. இடைப்பட்ட நான்கு வருடமும் ஆயத்தம். வீட்டுக்கு வீடு கைநூல் கொடுத்தார்கள். பால் பெட்டியில் கூட அறிவித்தல் போட்டார்கள். வாகனம் குறைந்த நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தார்கள். மறுநாள் திங்கட்கிழமை விபத்துகள் வழமையை விடக் கூடவில்லை.

எமது வியாபாரிகள் சிலர் நோன்புப் பெருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது புதிய முறையைத் தொடங்குகிறார்கள். கடை நிரம்பி வழியும் நேரத்தில் பில் சிக்கினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். வியாபாரம் மந்தமான மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். தொடங்குவதற்கு முன் முழுக் கையிருப்பையும் கையால் எண்ணுங்கள். கடன்காரர் ஒவ்வொருவரிடமும் பாக்கித் தொகையைக் காட்டி உறுதிப்படுத்திக் கொள்ளுங்கள். முதலில் ஒரு பகுதிச் சாமானை மட்டும் கணினியில் போடுங்கள். ஒரு மாதம் கொப்பியும் கணினியும் சேர்ந்து ஓடட்டும். இரண்டும் பொருந்திய பின், முன்கூட்டியே சொன்ன திகதியில் கொப்பியை மூடுங்கள். அந்தத் திகதி இல்லாவிட்டால் இரட்டை வேலை நீண்டுகொண்டே போய், கடைசியில் கொப்பிதான் வெல்லும்.

நடுவில் வரும் மாற்றம்

இன்னொரு வகை மாற்றமும் உண்டு. கடைக் கட்டடம் எழும்பும்போது, "பாஸ், மேலே ஒரு தட்டுப் போட்டால் நல்லம்தானே" என்று முதலாளி சொல்வார். பாஸும் தலையாட்டுவார். விலை பேசப்படாது. வேலை முடிந்ததும் மேலதிகக் கணக்கு வரும், சண்டையும் வரும். பள்ளிவாசல் நிர்வாகம் வரை போன பிணக்குகள் எத்தனை!

திட்டத்தின் நடுவில் மாற்றம் வருவது குற்றமல்ல. எழுதாமல் மாற்றுவதுதான் ஆபத்து. என்ன மாற்றம், எவ்வளவு மேலதிகச் செலவு, எத்தனை நாள் தாமதம், யார் சம்மதித்தார் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்ட பின்பே சீமெந்து குழைக்க வேண்டும். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. அந்த வசனத்தைப் பரம்பரையாக ஓதி வரும் வியாபார சமூகம் வாய்ப் பேச்சில் இலட்சங்களை இழப்பது பொருத்தமா?

வரி வீதம் இன்னும் மாறலாம். டொலரின் விலை மாறும். வாடிக்கையாளர் காசு தரும் விதமும் மாறும். அவற்றை நிறுத்த எம்மால் முடியாது. எமது கடைக்குள் அவை எப்படி, எந்த நாளில், யார் மூலம் நுழைய வேண்டும் என்பது மட்டும் எமது கையில் இருக்கிறது. இந்த வாரம் கடை மூடிய பின் பணியாளர்களோடு அரை மணித்தியாலம் உட்காருங்கள். தேநீர் கொடுங்கள். எந்த வேலை உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று கேளுங்கள். கடையில் எங்கிருந்து மாற்றத்தைத் தொடங்க வேண்டும் என்பதை அவர்களே சொல்லித் தருவார்கள். வல்ல அல்லாஹ் எமது தொழிலில் பரக்கத் செய்வானாக.