உங்களுக்குத் தெரியுமா? கொறடாவின் கை எட்டாத அறை

திண்டிவனத்தையும் உள்ளடக்கிய விழுப்புரம் மக்களவைத் தொகுதியில் விசிகவின் ரவிக்குமார் 2019இல் வென்றது திமுகவின் உதயசூரியன் சின்னத்தில். 2024இல் சொந்தக் கட்சியின் பானையில். இதில் சின்னம் மட்டுமா மாறுகிறது? எந்தக் கட்சியின் சின்னத்தில் வென்றாரோ, அதன் கொறடா உத்தரவை மீறி அவையில் வாக்களித்தால் பதவியே பறிபோகலாம்.

ஆனால் கட்சித்தாவல் தடைச் சட்டம் கொறடாவுக்குத் தரும் பிடி அவைக்குள் அளிக்கும் வாக்கோடு நின்றுவிடுகிறது. அதிகாரிகளைச் சாட்சியம் சொல்ல அழைக்கவும் கோப்புகளைக் கேட்டு வாங்கவும் அதிகாரம் பெற்ற நாடாளுமன்றக் குழுக்களில் உறுப்பினர் மனசாட்சிப்படி கை தூக்கலாம். தூக்குகிறார்களா என்பது வேறு கதை. 2ஜி அலைக்கற்றை விவகாரத்தில் முரளி மனோகர் ஜோஷி தலைமையிலான பொதுக்கணக்குக் குழுவின் வரைவறிக்கையை 2011 ஏப்ரலில் அன்று ஆட்சியிலிருந்த காங்கிரஸ், திமுக உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். ஆட்சியை வெளியிலிருந்து ஆதரித்த சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் அவர்கள் பக்கமே நின்றன. கொறடா உத்தரவு தேவைப்படவே இல்லை!