சாக்பீஸ் தூசு – 11: பாயசம் தீராத பந்தி

வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டு வந்ததும் ஆசிரியர் அறை இரண்டு கட்சியாகிவிட்டது. ‘இனி பாடம் தானே நடந்துவிடும்’ என்பது ஒன்று. ‘பிள்ளைகள் சினிமாதான் பார்க்கிறார்கள்’ என்பது மற்றது. எனக்கு இரண்டாவது கட்சியோடுதான் நெருக்கம். 2018இல் புதிய பாடநூல்கள் க்யூஆர் கோடுடன் வந்தன. திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் வீடியோ ஓடும். பிள்ளைகளும் சத்தம் போடாமல் பார்த்தார்கள். வகுப்பு அமைதியாக இருந்தால் தலைமையாசிரியருக்குச் சந்தோஷம், எனக்குச் சந்தேகம்.

வீடியோவில் என்ன சிக்கலென்றால், பிள்ளைக்குக் கேள்வி எழுவதற்குள் விடை வந்துவிடுகிறது. அதனால் என் வகுப்பில் ஒரு நிபந்தனை உண்டு. திரையில் எதுவும் அசைவதற்கு முன், என்ன நடக்கும் என்று எல்லோரும் நோட்டில் எழுதியாக வேண்டும். பேனாவால்.

ஏழாம் வகுப்பில் மின்சுற்று நடத்தியபோது கேட்டேன்: “ஒரு பேட்டரி, ஒரே மாதிரி இரண்டு பல்பு, தொடரிணைப்பு. எது பிரகாசமாக எரியும்?” பாதிக்கு மேல் ‘முதல் பல்பு’ என்றே எழுதியிருந்தார்கள். காரணம் கேட்டால், “முதப் பந்தியிலயே பாயசம் தீர்ந்துடும்ல சார், அதே மாதிரிதான்” என்றான் ஒருவன். அருமையான விளக்கம். தவறு, ஆனால் அருமை. மின்னோட்டம் பல்புக்குள் செலவாகிவிடுகிறது என்ற இந்த நம்பிக்கை கல்லூரிவரைகூடப் போகிறது.

அதன் பிறகுதான் ஃபெட் (PhET) சிமுலேஷன் பக்கத்தைத் திறந்தேன். இயற்பியலில் 2001இல் நோபல் பெற்ற கார்ல் வீமன், மறு ஆண்டே கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இலவச முயற்சி இது. ஒருமுறை இறக்கி பென் டிரைவில் வைத்துக்கொண்டால் இணையமே வேண்டாம். எங்கள் ஊர் சிக்னலுக்கு அது பெரிய உபகாரம். அதில் எலக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாகக் கம்பியில் நகரும். இரண்டாவது பல்பைச் சேர்த்ததும் வளையம் முழுவதும் புள்ளிகள் ஒரேயடியாக மெதுவாகின. பல்புக்கு முன்னும் பின்னும் ஒரே வேகம். இரண்டும் ஒரே அளவு மங்கல். எந்த ஆய்வகத்திலும் கண்ணால் பார்க்க முடியாத காட்சி இது. திரைக்கு வகுப்பில் என்ன வேலை என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

ஆனால் அதோடு போர்டை அணைத்துவிட்டு டார்ச் பல்பு, பேட்டரி, வயரை மேசைமேல் வைத்தேன். சொல்லிவைத்தாற்போல் முதல் பல்பு கொஞ்சம் கூடுதலாக எரிந்தது! பாயசக் கட்சி பெஞ்சில் தட்டி ஆர்ப்பரித்தது. “கம்ப்யூட்டர் பொய் சொல்லுது சார்!” கடைசி பெஞ்ச் பெண் ஒருத்தி எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல் இரண்டு பல்பையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினாள். மங்கலான பல்பு முதல் இடத்துக்கு வந்தும் மங்கலாகவே எரிந்தது. கோளாறு இடத்தில் இல்லை, பல்பில். கடைப் பல்புகள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லையே.

திரை மட்டும் இருந்திருந்தால் அவர்கள் நம்பிவிட்டுப் போயிருப்பார்கள். மேசை மட்டும் இருந்திருந்தால் பாயசம் ஜெயித்திருக்கும். ‘திரையில் பேட்டரி தீரவே மாட்டேங்குதே, ஏன்?’ என்று இன்னொருவன் பிடித்துக்கொண்டான். படம் வரைந்தவர்கள் எதையெல்லாம் விட்டுவிட்டார்கள் என்று ஒரு பட்டியலே போட்டோம்: துரு, தளர்ந்த வயர், சூடு.

இதற்கெல்லாம் இரண்டு பீரியட் போய்விட்டது. பாடக்குறிப்பேட்டில் ‘காணொலி காட்டப்பட்டது’ என்று ஒரு வரி எழுதினால் போதும். பார்வையிட வருபவர்களும் போர்டு வேலை செய்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். பிள்ளைகள் பேனாவால் எழுதிய அந்த நோட்டுகளை இதுவரை யாரும் கேட்டதில்லை.

(தொடரும்)