சிறு காயமும் உறைதூளும்

பதுளைத் தேயிலைத் தோட்டங்களிலே கொழுந்து பறிப்போரை அட்டை கடிப்பதும், கவ்வாத்துக் கத்தி விரலைக் கீறுவதும் நாம் நன்கறிந்தனவே. கத்திக்கீறலில் குருதி விரைவில் உறையும். அட்டையின் கடிவாயோ நெடுநேரம் கசியும். அட்டையின் வாய்ச்சுரப்பு குருதியை உறையவிடாது தடுப்பதை 1884இல் ஜோன் ஹேகிராவ்ட் கண்டறிந்தார்.

மாப்பொருளாலான உறைதூள், குருதியின் நீரை உறிஞ்சி, உறையணுக்களை நெருங்கச் செய்து, உறைதலை விரைவுபடுத்துகின்றது. எனினும், தூய நீராற் கழுவி, சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாது அழுத்துதலே முதற் சிகிச்சை. தூள் அதற்குத் துணையே. கோப்பித்தூள், புகையிலை, சுண்ணாம்பு முதலியவற்றை அப்புவதால் அழுக்கும் கிருமியும் காயத்துள் தங்கும்.

மண்பட்ட காயத்தால் வரக்கூடிய ஏற்புவலி உயிரையே கவரும். ஆதலின் தடுப்பூசி பெறுதலையும், குருதி நில்லாவிடின் வைத்தியசாலைக்கு விரைதலையும் நம் தோட்டத்து உறவினர்க்கு எடுத்துரைப்போமாக.