கண் சிவந்தால் எல்லாம் "மெட்ராஸ் ஐ" அல்ல!
கடையில் வாங்கும் சொட்டு மருந்தால் பார்வைக்கே ஆபத்து

"அண்ணே, கண்ணு செவந்து போச்சு. ஒரு சொட்டு மருந்து குடுங்க!"

மழைக்காலம் வந்துவிட்டால் சென்னை மருந்துக் கடைகளில் இந்தக் குரல் ஓயாது. கடைக்காரரும் ஒரு புட்டியை எடுத்து நீட்டுவார். டாக்டர் சீட்டு கிடையாது. கண்ணை யாரும் பார்ப்பதும் கிடையாது.

ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது!

பெயர் மாறவில்லை

1918-ம் ஆண்டு சென்னையில் கண்டறியப்பட்டதால் இந்த நோய்க்கு "மெட்ராஸ் ஐ" என்று பெயர் வந்தது. 1996-ல் ஊர் பெயர் சென்னை ஆனது. நோயின் பெயர் மட்டும் மாறவே இல்லை.

2022 நவம்பரில் தமிழகத்தில் தினமும் 4 ஆயிரம் பேருக்கு மேல் இந்நோய் தாக்குவதாக அரசு அறிவித்தது.

பார்த்தால் ஒட்டுமா?

நோயாளியின் கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது கட்டுக்கதை. கண்ணைக் கசக்கிய கை, துண்டு, தலையணை மூலம்தான் கிருமி பரவும். கறுப்புக் கண்ணாடி கூச்சத்தைக் குறைக்கும், நோயைத் தடுக்காது.

மூன்று வகை

தண்ணீராக வழிந்து, மணல் விழுந்ததுபோல் உறுத்தினால் பெரும்பாலும் வைரஸ். கூடவே சளி, தொண்டை வலி இருக்கலாம். மஞ்சளாகப் பீளை தள்ளி இமை ஒட்டிக்கொண்டால் பாக்டீரியாவாக இருக்கலாம். இரண்டு கண்ணிலும் அரிப்பே பெரிதாக இருந்தால் அலர்ஜி.

வைரசை ஆன்டிபயாடிக் மருந்து கொல்லாது. ஒன்றிரண்டு வாரத்தில் அது தானாகவே அடங்கிவிடும்.

"ஒரே நாளில் குணம்!"

ஸ்டிராய்டு கலந்த சொட்டு மருந்து போட்டால் சிவப்பு சீக்கிரம் மறையும். "ஆகா, நல்ல மருந்து!" என்று தோன்றும். ஆனால் கருவிழியில் "ஹெர்பிஸ்" கிருமிப் புண் இருந்தால் அது மேலும் பரவிவிடும். வாரக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறலாம், புரையும் வரலாம். போன பார்வை திரும்பாமலே போகலாம்.

டாக்டரிடம் போனால் என்ன செய்வார்? ஒவ்வொரு கண்ணையும் மூடச் சொல்லி, எழுத்து தெரிகிறதா என்று கேட்பார். டார்ச் அடித்துக் கருவிழியைப் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் கண் டாக்டரிடம் அனுப்புவார்.

உடனே ஓடுங்கள்!

கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாத கூச்சம், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, கண்ணில் அடிபட்டது... இதில் ஒன்று இருந்தாலும் அது சாதாரண "மெட்ராஸ் ஐ" அல்ல. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் உடனே கழற்றிவிட்டு டாக்டரிடம் போகவேண்டும். பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்குக் கண் சிவந்து பீளை தள்ளினால் ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

1819-ல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி இருக்கவே இருக்கிறது.

வீட்டில்...

கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்துப் பீளையைத் துடைக்கவேண்டும். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. சோப்பு போட்டு அடிக்கடி கை கழுவவேண்டும். துண்டு, தலையணை தனி. தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் கண்ணில் விடக்கூடாது.

பக்கத்து வீட்டுக்காரர் போட்டு மிச்சம் வைத்த புட்டியா? தொடவே தொடாதீர்கள்!